லெம்பி இழுத்த சிவப்புக் கோடு

லெம்பி சல்மேலா யாரையாவது மன்னித்தாள் என்று எங்கள் ஊரில் ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. இந்தக் குளிர்காலத்திலிருந்துதான் சர்ச்சில் சிலர் அப்படிப் பேச ஆரம்பித்திருக்கிறார்கள். ரூடி ட்ரெவாரோவை அவள் மன்னித்துவிட்டாளாம். மனசு கரைந்துவிட்டதாம். பாதிரியார் அதை வைத்து ஒரு பிரசங்கமே செய்துவிட்டார். எனக்கோ வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை, இருமுவது போல நடித்து வெளியே வந்துவிட்டேன்.

என் பெயர் கோலெட். டாம்லின் ஹார்பரில் இருக்கிற ஒரே பேங்கில் பதினேழு வருஷமாகக் கவுண்டரில் நிற்கிறேன். லெம்பிக்கும் ரூடிக்கும் நடந்ததில் முக்கால்வாசி என் கண்ணெதிரே, என் கவுண்டரின் மேல் நடந்தது. என் கையும் அதில் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

லெம்பி இருபத்தாறு வருஷம் எங்கள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், சாலைகளில் பனி வாரும் லாரி ஓட்டியவள். எங்கள் பக்கம் சுப்பீரியர் ஏரியிலிருந்து வரும் பனி ஒரு ராத்திரியில் ஜன்னலை மூடிவிடும். அந்த லாரியை ஆண்களே பயந்து பயந்து ஓட்டுவார்கள். இவள் வாயில் காபிக் குடுவையைக் கவ்விக்கொண்டு ஓட்டுவாள். சாலையில் எவனாவது காரை நிறுத்தியிருந்தால் ஒரு தடவை ஹாரன் அடிப்பாள். எடுக்காவிட்டால் அந்தக் கார் மேலேயே பனியை மலையாகக் குவித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். சொந்தத் தம்பியின் காரை அப்படிப் புதைத்தவள். அவன் மூன்று நாள் தோண்டினான். பார்த்துக்கொண்டே போனாளே தவிர, மண்வெட்டி தரவில்லை.

அவள் கணவன் ஆர்வோ நேர் எதிர். மர அறுவை ஆலையில் வேலை, அதிர்ந்து பேசமாட்டான். அவனுடைய அப்பா செம்புச் சுரங்கத்தில் இருந்தவர். அவர் வைத்துவிட்டுப் போனது ஒரே ஒரு காசு. 1921ஆம் வருஷத்து வெள்ளி அரை டாலர். சின்ன வயதில் ஆர்வோ அதில் ஆணியால் தன் பெயரின் முதல் எழுத்தைக் கீறிவைத்து, அப்பாவிடம் அடி வாங்கினானாம். அடித்த அப்பாவே பிறகு அதை அவனுக்குக் கொடுத்தார். யோசிக்கிறபோதெல்லாம் ஆர்வோ அந்தக் காசை உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருப்பான். கீறிய எழுத்தே வழவழவென்று ஆகிவிட்டது.

ஆர்வோவுக்கு நுரையீரல் கெட்டுப்போய், மூன்று மணிநேரத் தொலைவில் இருந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். லெம்பி பக்கத்தில் ஒரு அறை எடுத்துத் தங்க வேண்டும், பெட்ரோல் போட வேண்டும். வீட்டில் ஒரு புகையிலை டப்பாவில் பழைய சில்லறை கிடந்தது. அதை அப்படியே ரூடியின் நாணயக் கடைக்கு எடுத்துப் போனாள். அந்த டப்பாவுக்குள் ஆர்வோவின் காசும் இருந்தது அவளுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று அவன்தான் அதில் போட்டு வைத்திருக்கிறான்.

ரூடி ஒவ்வொன்றாக எடை போட்டான். அந்தக் காசு வந்ததும் பூதக்கண்ணாடியை எடுத்தானாம், உடனே கீழே வைத்தானாம். "கீறல் விழுந்தது. வெள்ளி விலைதான். எட்டு டாலர் போட்டுக்கறேன்." அவசரத்தில் இருந்த லெம்பி எதையும் எட்டிப் பார்க்கவில்லை, மொத்தமாகப் பணத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து ஆர்வோ கேட்டான். "அப்பா காசை டப்பால போட்டேன். எடுத்துட்டு வர்றியா? கையில வெச்சுக்கணும் போல இருக்கு."

லெம்பிக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. மறுநாள் காலையில் கிளம்பி மூன்று மணிநேரம் பனியில் ஓட்டிக்கொண்டு ரூடியின் கடைக்கு வந்தாள். காசு கண்ணாடி ஜன்னலில் இருந்தது. கீழே சீட்டு: முந்நூற்று ஐம்பது டாலர். அந்த வருஷத்தில், அந்த நாணயச் சாலையில் அடித்தது ரொம்பக் கொஞ்சமாம். கீறல் இருந்தாலும் அதற்கு ஆள் உண்டு.

"ரூடி, அதைத் தெரியாம குடுத்துட்டேன். எட்டு டாலர் இந்தா."

"சீட்டைப் பாரு லெம்பி."

"அவன் சாகப் போறான்டா. ஒரு நாளைக்குக் குடு. கையில வெச்சுப் பாத்துட்டுக் குடுத்துடறேன்."

"கடைச் சரக்கை ஆஸ்பத்திரிக்கு வாடகைக்கு விடற வழக்கம் என்கிட்ட இல்ல. வியாபாரம்னா வியாபாரம்."

வெறுங்கையோடு மூன்று மணிநேரம் திரும்ப ஓட்டினாள். ஆர்வோவிடம், டப்பா கிடைக்கவில்லை, நாளைக்குத் தேடுகிறேன் என்றாள். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் அவள் அவனிடம் சொன்ன பொய் அது ஒன்றுதானாம். அவன் மறுநாள் செத்தான். உள்ளங்கையை விரித்து வைத்தபடியே செத்தான் என்று என்னிடம் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

அடக்கம் முடிந்த பத்தாம் நாள் முந்நூற்று ஐம்பது டாலரோடு போனாள். ரூடி ஐந்நூறு என்றான். அவள் சர்ச் வாசலில் எல்லார் முன்னாலும் அவனைத் திருடன் என்று கூப்பிட்டிருந்தாள், அந்தக் கடுப்பு அவனுக்கு. ஐந்நூறு கொண்டு போனபோது, விற்பதாக இல்லை என்று சொல்லி, காசைக் கல்லாவுக்குப் பின்னால், வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி மாட்டிவைத்தான்.

அன்று மத்தியானம் லெம்பி நேராக என் கவுண்டருக்கு வந்தாள்.

"ஏண்டி கோலெட், இந்த ரூடி எங்கேருந்து சரக்குப் பிடிக்கிறான்?"

சொன்னேன். அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை பத்து மணிக்கு எங்கள் பேங்குக்குப் பண வண்டி வரும். அதில் அரை டாலர் காசுகள் வரும். இருபது காசு ஒரு காகிதச் சுருள், ஐம்பது சுருள் ஒரு பெட்டி. ஆயிரம் காசு, ஐந்நூறு டாலர். 1964 வரைக்கும் அடித்தது நல்ல வெள்ளி. யாரோ ஒரு கிழவன் சேர்த்து வைத்ததைப் பேரப்பிள்ளைகள் தெரியாமல் பேங்கில் போட்டுவிடுவார்கள். அது சுருளோடு சுருளாகச் சுற்றிக்கொண்டிருக்கும். ரூடி எங்களுக்கு டோனட் வாங்கித் தந்து, பெட்டிகளையும் ஊர்க்காரர்கள் கையால் சுற்றிக் கொண்டுவரும் சுருள்களையும் தனக்கென்று எடுத்து வைக்கச் சொல்லியிருந்தான். அவன் கடையில் பாதி அப்படி வந்ததுதான்.

"டோனட்டா?" என்றாள் லெம்பி. "ஒரு வட்ட மாவுக்கா ஊரையே எழுதிக் குடுத்தீங்க?"

அடுத்த வியாழன் ஒன்பதே முக்காலுக்கு வாசலில் நின்றாள். கையில் இறைச்சியும் கிழங்கும் வைத்த பேஸ்டி, சுடச்சுட, எங்கள் நாலு பேருக்கும். பெட்டி முழுவதையும் வாங்கிப் பதினோரு கிலோவைத் தோளில் தூக்கிக்கொண்டு போனாள். பத்தரைக்கு ரூடி வந்தான். நான் கையை விரித்தேன்.

அப்படி எட்டு வருஷம். ஒரு வியாழன் தவறவில்லை.

தேடுவது சுலபம். சுருளைப் பிரித்துக் காசுகளை அடுக்காக நிறுத்தி, விளிம்பைப் பார்க்க வேண்டும். செம்பு கலந்த காசில் விளிம்பில் பழுப்பு வரி ஓடும். வெள்ளி என்றால் வெளேரென்று இருக்கும். பார்த்து முடித்த காசையே மறுபடி பார்த்துப் பொழுதை வீணாக்காமல் இருக்க, இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லோரும் சின்னதாக ஒரு அடையாளம் வைப்பார்கள். லெம்பி வைத்தது சின்னது இல்லை. நகத்துக்கு ஒரு நாளும் சாயம் பூசாதவள், பளீரென்ற சிவப்பு நெயில் பாலிஷ் வாங்கி, இருபது காசின் விளிம்பிலும் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு இழுப்பாள். பிறகு அவற்றை அடுத்த ஊர் பேங்கில் கொண்டுபோய்க் கொட்டுவாள். எடுத்த இடத்தில் போடக் கூடாது என்பது இவர்கள் சட்டம். போட்டால் அதுவே திரும்பி வரும்.

ஆனாலும் வந்தது. இரண்டு மூன்று வருஷத்தில் எங்கள் கவுண்டி முழுக்கச் சிவப்பு விளிம்புக் காசுகள். மீன் தூண்டில் கடையில், மதுக்கடையில், சர்ச் உண்டியலில். எங்கள் எண்ணும் இயந்திரம் அந்தச் சாயத்தால் இரண்டு தடவை அடைத்துக்கொண்டது. மேனேஜர் என்னைத் திட்டினார், நான் லெம்பியைத் திட்டினேன். "அப்ப நல்ல இயந்திரம் வாங்கச் சொல்லு," என்றாள். ரூடி வேறு எங்கேயாவது ஒரு பெட்டி பிடித்து ஆசையாகப் பிரித்தால், உள்ளே அவள் கோடு பல்லை இளிக்கும்.

யாராவது கையால் சுற்றிய சுருளை நான் நீட்டினால், அவள் கவுண்டரிலேயே காகிதத்தை நகத்தால் ஒரு இஞ்ச் கீறுவாள். சிவப்பு தெரிந்தால் போதும், உள்ளே பார்க்கவே மாட்டாள். "நான் மேய்ஞ்சது," என்று என் பக்கம் தள்ளிவிடுவாள். அந்தத் தள்ளுதலில் ஒரு கர்வம் இருக்கும்.

எட்டாவது வருஷம் ஜூன் மாதம், ஒரு பழுப்புச் சுருளோடு வந்தாள். ரொம்பப் பழைய காகிதம். இரண்டு முனையிலும் அருமையான வெள்ளிக் காசுகள் தெரிந்தன. அவள் சேர்த்ததிலேயே நல்லது இரண்டு.

"பத்து டாலர் குடு. ரூடி வந்தா இதை எடுத்து நீட்டு."

"நடுவுல என்ன இருக்கு?"

"பதினெட்டு காசு. முனை ரெண்டையும் சேத்தா சரியா பத்து டாலர். பேங்குக்கு ஒரு செப்புக்காசு நஷ்டம் இல்ல. வேற என்னடி வேணும் உனக்கு?"

எனக்கு ஒன்றும் வேண்டாம். எனக்கும் ரூடியைப் பிடிக்காது. என் அம்மாவின் மோதிரத்தை அவனிடம் விற்ற கதை தனி.

ரூடியின் பலவீனம் ஊருக்கே தெரியும். முனையில் வெள்ளி தெரிகிற சுருளை அவன் பிரிக்கமாட்டான். பிரித்தால் உள்ளே இருப்பதன் விலைதான் கிடைக்கும், பிரிக்காவிட்டால் வாங்குகிறவனின் ஆசைக்கு விலை கிடைக்கும். அப்படிப்பட்ட சுருள்களை ஒரு ஜாடியில் நிறுத்தி, 'யார் கையும் படாதது' என்று எழுதி வைப்பான். சுற்றுலா வருகிறவர்கள் கொத்திக்கொண்டு போவார்கள். லெம்பி வந்த பிறகு அந்த ஜாடி காலியாகவே கிடந்தது. அன்று நான் சுருளை நீட்டியபோது அவன் காது இரண்டும் சிவந்துபோயின. பத்து டாலரை வீசிவிட்டு ஓடினான். ஜாடியில் நூற்று எண்பது டாலர் சீட்டோடு அது நின்றது.

ஜூலை நாலாம் தேதி சுதந்திர தினக் கொண்டாட்ட வாரம், சிகாகோவிலிருந்து வந்த ஒரு பல் டாக்டர் அதை வாங்கினார். வாங்கினவர் பக்கத்துப் பேஸ்டிக் கடைக்குப் போய், மனைவியையும் நாலு பேரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, மேஜையில் பிரித்தார். நானும் அங்கேதான் மத்தியானச் சாப்பாடு. காசுகள் சரிந்தன. இரண்டு வெள்ளி. நடுவில் பதினெட்டும் சிவப்பு விளிம்பு.

தட்டு கொண்டுவந்த பெண் குனிந்து பார்த்தாள். "ஐயய்யோ! இது நம்ம லெம்பி மேய்ஞ்சதாச்சே!"

கடையே சிரித்தது. யார் கையும் படாத சுருளாம்! டாக்டர் நேராக ரூடியிடம் போனார். தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தம். மூலை மேஜையில் லெம்பி உட்கார்ந்திருந்தாள். அவள் சிரிக்கவில்லை. கடைசி வாய் வரைக்கும் மெதுவாகச் சாப்பிட்டு, வாயைத் துடைத்து, இன்னொன்று கொண்டுவரச் சொன்னாள். அந்த இரண்டாவது பேஸ்டியை அவள் தின்ற ருசியை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

அதன் பிறகு முன்னால் வாங்கினவர்களும் வீட்டில் இருந்த சுருள்களைப் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே குப்பை. ஒவ்வொருவராகப் பணத்தைத் திருப்பிக் கேட்டு வந்தார்கள். ரூடி எதையும் கலப்படம் செய்யவில்லை, பிரிக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் யார் கேட்பார்கள்? இலை உதிர்வதற்குள் அவன் கடைக்கு ஈ காக்கைகூட வராமல் போயிற்று.

அக்டோபரில் ரூடி என் கவுண்டருக்கு வந்தான். பத்து வயது கூடினவன் போல இருந்தான். "லெம்பி மேய்ஞ்ச சுருள் ஏதாச்சும் இருந்தா ஒண்ணு குடேன், கோலெட்," என்றான். எதற்கு என்று கேட்டேன். "பாத்து அழறதுக்கு," என்றான். சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அதையே திருப்பிக் கொண்டுவந்து பத்து டாலர் வாங்கிக்கொண்டு போனான். நான் அதை டிராயரில் போட்டேன்.

வியாழக்கிழமை லெம்பியிடம் நீட்டினேன். நகத்தால் கீறினாள், சிவப்பு தெரிந்தது, தள்ளினாள். அடுத்த வாரம் மறந்துபோய் அதையே மறுபடி நீட்டினேன். "கண்ணு தெரியலையாடி உனக்கு? போன வாரமே பாத்தாச்சு," என்று திட்டினாள். இரண்டு தடவையும் ரூடி வரிசையில் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நவம்பரில் டிராயர் நிரம்பியது. உபரிக் காசுகளோடு அதையும் மூட்டையில் கட்டிப் பண வண்டியில் ஏற்றினேன்.

ஏப்ரலில் ரூடி கடையை மூடினான். அந்த வியாழன் லெம்பி ஐந்நூறு டாலரை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு பேங்குக்கு வந்தாள், அங்கிருந்து அவன் கடைக்குப் போவதாக. அவனே கணக்கை முடிக்க உள்ளே வந்தான்.

"மூடியாச்சு இல்ல," என்றாள் லெம்பி. "இப்ப அந்தக் காசைக் குடுத்துடு. ஐந்நூறு இருக்கு. பிச்சையா கேக்கல."

"என்கிட்ட இல்லையே."

"யார்கிட்ட வித்தே?"

"விக்கல. உனக்கேதான் குடுத்தேன்." ரூடி தொப்பியைக் கழற்றிக் கவுண்டரில் வைத்தான். "ரெண்டு தடவை குடுத்தேன், மகராசி. உன் சுருள்ல ஒரு காசை எடுத்துட்டு, அந்த இடத்துல உன் புருஷன் காசை வெச்சேன். உன் சாயத்தையே வாங்கி, உன் கோட்டையே அது மேலயும் இழுத்தேன். பத்தாவது காசு. நீ நகத்தால கீறினே, தள்ளினே. உள்ள பாத்தியா? நீதான் பாக்க மாட்டியே. நீ மேய்ஞ்ச இடமாச்சே!"

லெம்பி அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அந்தச் சுருளை என்ன பண்ணே?"

"வண்டில போச்சு," என்றேன். "நவம்பர்ல."

"எங்க?"

"தெரியாது லெம்பி. பெரிய கிடங்குக்குப் போகும். அங்கேருந்து எங்க வேணா போகும்."

அவள் கை கவுண்டரின் மேல் மல்லாந்து கிடந்தது, விரல்கள் விரிந்தபடி. அவளுக்கே அது தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். ரூடி தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, கடை படுத்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்துவிட்டுப் போனான். அந்தச் சிரிப்புக்கு அவனை நான் மன்னிக்கமாட்டேன்.

அடுத்த வியாழன் ஒன்பதே முக்காலுக்கு லெம்பி வாசலில் நின்றாள்.

"சிவப்புக் கோடு போட்டது வந்தா," என்று ஆரம்பித்தாள்.

"தெரியும், தள்ளி வெச்சுடறேன்."

"இல்லடி. இனிமே அதைத்தான் எனக்குக் குடுக்கணும். எல்லாத்தையும்."

எட்டு வருஷம், வாரத்துக்கு ஆயிரம் காசு. நாலு லட்சம் காசின் மேல் அவள் தன் கையாலேயே கோடு இழுத்திருக்கிறாள். இப்போது ஒவ்வொன்றாக உருட்டிப் பார்க்கிறாள். அடுத்த ஊர், அதற்கடுத்த ஊர் என்று பேங்க் பேங்காகப் போகிறாள். அந்தச் சுருளை ரூடிக்கு எடுத்துக் கொடுத்தது நான்தான் என்று இன்னும் அவளிடம் சொல்லவில்லை. சொல்ல எனக்குத் தைரியமில்லை.

இப்போது சர்ச்சில் பேசுகிற விஷயத்துக்கு வருகிறேன். போன டிசம்பரில் ரூடி வீட்டுப் படியில் பனிக்கட்டி வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு விரிசல் விட்டது. எழுபத்தாறு வயது, தனி ஆள். அவன் வீடு திரும்பிய நாளிலிருந்து தினமும் காலையில் லெம்பி மண்வெட்டியோடு போய் அவன் படிகளில் பனியை வாருகிறாள். உப்புத் தூவுகிறாள். வாரத்தில் மூன்று நாள் சூப் கொண்டுபோய் வைக்கிறாள். தம்பிக்கே மண்வெட்டி தராதவள்! மன்னிப்பு, அன்பு, கர்த்தரின் கிருபை என்று ஊர் உருகுகிறது.

ஒரு நாள் வேலைக்குப் போகிற வழியில் அவளை அங்கே பார்த்தேன். மூன்றாவது படியில் நின்று கட்டியைக் கொத்திக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்குள் ரூடி போர்வையைச் சுற்றிக்கொண்டு அவளையே முறைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் விஷயம் புரிந்திருந்தது, முகத்திலேயே தெரிந்தது.

"உண்மையிலேயே மன்னிச்சுட்டியா லெம்பி?" என்று கேட்டேன்.

அவள் நிமிர்ந்து மண்வெட்டியில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். கைநிறைய உப்பை அள்ளி, ரூடி கால் வைக்கிற இடமாகப் பார்த்துத் தூவினாள்.

"இவன் சாகக் கூடாதுடி. நான் அதைக் கண்டுபிடிச்சு இவன் மூக்குக்கு நேரா நீட்டற வரைக்கும் இவன் மூச்சோட இருக்கணும். அப்புறம் எந்தப் படியில வேணா விழட்டும்."

அப்புறம் நாலாவது படிக்கு ஏறினாள்.